விமலாவின் படிவத்தில் நான் எழுதிய இரண்டு சொற்கள்

சென்ற ஆண்டு ஈப்போவில் ஒரு கல்யாண விருந்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் புதிதாகச் சேர்ந்தவள். நானும் அதே மாதிரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாயசம் வருவதற்குள் கேட்டுவிட்டாள்.

"அங்கிள், ஒரு வார்த்தைய தப்பா சொல்லிட்டோம், ஆபீசரும் எழுதிட்டாரு. அதுக்கப்புறந்தான் நமக்குத் தெரியுது. அப்ப என்னா செய்யணும்?"

"சொல்லிடணும்லா," என்றேன்.

"நீங்க சொல்லியிருக்கீங்களா?"

"ஒரு தடவ."

அவள் மேலே கேட்கப் பார்த்தாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து எங்களை எழுப்பிவிட்டார்கள். அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. அப்பா கம்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கிடங்குக் கணக்கர். டவுனில் ஆங்கிலப் பள்ளிக்கூடம், வீட்டில் தமிழ், பரீட்சைக்காகப் படித்த மலாய். இந்த மூன்றும் இருந்ததால் எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தோட்டத் தொழிலாளர்களின் புகார்களை விசாரிக்கும் அலுவலகம் அது. தொழிலாளி தமிழில் சொல்வதை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும், அதிகாரி கேட்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஒரு மூத்தவருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். நான்காவது வாரம் முன்னால் உட்கார வைத்தார்கள். பயிற்சி அவ்வளவுதான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது ஒன்றே விதி. அப்போதுதான் படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறிக்கொண்டிருந்தன. நாங்கள் எல்லாருமே புதுச் சொற்களைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்தோம்.

வேலையை எனக்கு வேலையாக ஆக்கியவர் என்சிக் ஜமாலுடின்; என்சிக் என்றால் மலாயில் திரு. விசாரணை அதிகாரியாக எங்களிடம் மாற்றலாகி வந்தார். பாரிட் புந்தாரில் நெல் வயல் வைத்திருந்த குடும்பம். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் வந்த முதல் நாள் செய்த காரியம் நாற்காலிகளை மாற்றியது. அதுவரை அதிகாரியும் நானும் மேசைக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருப்போம், தொழிலாளி மறு பக்கம் நின்றுகொண்டிருப்பார். இவர் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு மூன்று நாற்காலிகளை ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி போடச் சொன்னார். கேள்வி கேட்கும்போது என்னைப் பார்க்க மாட்டார். மலாய் தெரியாத ஆளாக இருந்தாலும் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்.

"உன்னைப் பார்த்துக் கேட்டால் அவர் உனக்குப் பதில் சொல்வார், சவரி. எனக்குச் சொல்லட்டும்," என்றார்.

வாக்குமூலத்தைத் தன் கையால் எழுதுவார். எழுதி முடித்ததும் தாளை என்னிடம் கொடுப்பார். மலாயில் எழுதியதை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் "இதுதானே சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும். அந்த ஆள் ஆமாம் என்ற பிறகுதான் அடுத்த வரி. கடைசியில் கையெழுத்து அல்லது கைநாட்டு. இதற்கே அரைமணி நேரம் போகும். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கும் பசிக்கும். அவர் விடமாட்டார்.

ஒருமுறை தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து ஒரு தொழிலாளி வந்தார். "என்னைய வேலய விட்டு நிப்பாட்டிட்டாங்க" என்றார். வேலைநீக்கம் செய்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். என்சிக் ஜமாலுடின் அப்படியே எழுதினார். வாசித்துக் காட்டும்போது அந்த மனிதர் தலையை ஆட்டினார்.

"நீக்கல ஐயா. ரெண்டு வாரமா பெரட்டுல பேரு கூப்புடல. போனா திருப்பி அனுப்புறாங்க. அதத்தான் நிப்பாட்டிட்டாங்கன்னு சொன்னேன்."

பெரட்டு என்பது விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டம். அங்கே பேர் வாசிக்கப்படாதவனுக்கு அன்று வேலை இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் அது வேலைநீக்கம் ஆகாது. அந்த வரி அப்படியே போயிருந்தால், நாங்கள் நீக்கவே இல்லையே என்று நிர்வாகம் ஒரே கடிதத்தில் வழக்கை முடித்திருக்கும். என்சிக் ஜமாலுடின் வரியை அடித்து, வேறு எழுதி, ஓரத்தில் நாங்கள் மூவரும் கையெழுத்துப் போட்டோம். எனக்குக் காது சுட்டது.

இந்தப் பாடம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் நான் வாசித்துக் காட்டாமல் விட்டேன்.

அது ஏன் பெரிதாகப் போனது என்பதற்குக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று சட்டம் இருந்தது. முன்பெல்லாம் தோட்டத்திலேயே சின்ன ஆஸ்பத்திரி இருக்கும். டிரெசர் என்று ஒருவர் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, மாத்திரை கொடுப்பார். முடியாததை வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்புவார்கள். பிறகு சில கம்பெனிகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று, எல்லாத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஓர் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு, சட்டப்படி நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று சொல்லத் தொடங்கின. அந்த இன்சூரன்ஸ் தாளின் கடைசிப் பக்கத்தில் எதற்கெல்லாம் கிடையாது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒரு வரி, மனநோய். மலாயில் சாகிட் ஜிவா.

சுங்காய்க்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்துக்கு வழக்கமான சோதனைக்காகப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கேயும் இந்த இன்சூரன்ஸ் வந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. அன்று நல்ல மழை. என்சிக் ஜமாலுடின் மேனேஜர் அறையில் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறைகளை எழுதிக்கொள்ளும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். ஆபீஸ் வாசலில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு மேசை. முன்னால் நாற்பது பேருக்கு மேல் வரிசை. தண்ணீர்க் குழாய் வரவில்லை, வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மழைச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

பவளம் என்ற பெண் அந்த வரிசையில் ஏறக்குறையக் கடைசியில் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பால்மரம் சீவும் வேலை. புருஷன் அதே தோட்டத்தில் புகைவீட்டில் வேலை செய்தார். பவளம் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். விமலாவுக்கு அப்போது பத்து வயது. அந்தப் பிள்ளையின் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. விரல்கள் எதையோ பிய்ப்பது போல இழுத்துக்கொண்டே இருந்தன. தோள் சட்டென்று மேலே போகும். நாக்கு வெளியே வந்து உள்ளே போகும். அவள் சிரித்தாள். உடனே முகம் கோணி அழப் பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்ன தொண்ட கட்டி காய்ச்சல் வந்துச்சுங்கய்யா," என்றார் பவளம். "அது போயிருச்சு. அப்புறம் இப்புடி. கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆடுறா. கோப்பையப் புடிக்க முடியல, கீழ போட்டுடறா. பென்சிலு நிக்கல, பள்ளியில அனுப்பிட்டாங்க. தூங்குறப்ப மட்டும் ஒன்னும் இல்ல. அப்புடியே அடங்கிருது. டிரெசரு பாத்துட்டு இது என் வேல இல்லங்கிறாரு. ஆஸ்பத்திரிக்கு வேன் குடுங்கன்னு கேட்டா, இன்சூரன்ஸ்ல கேக்கணும்ங்கிறாங்க."

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. மலாய்ப் படிவத்தில் எழுதுவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் அவர்கள் சொன்னதைத் தமிழில் கிறுக்கிக்கொள்வேன். அன்றும் கிறுக்கினேன். பிறகு படிவத்தில், புகாரின் விவரம் என்ற ஒரு விரற்கடை இடத்தில், அனாக் சாகிட் ஜிவா என்று எழுதினேன். பிள்ளைக்கு மனநோய். ஆஸ்பத்திரி வாகனம் மறுப்பு. "கிறுக்கு" என்ற சொல் என் காதில் பெரிதாக விழுந்துவிட்டது. தொண்டையும் காய்ச்சலும் தூக்கமும் அந்த இடத்தில் அடங்கவில்லை. வாசித்துக் காட்டவில்லை. பவளம் கைநாட்டு வைத்தார். வழக்கம்போல் ஒரு நகல் தோட்ட ஆபீசுக்குப் போனது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து பவளம் ஈப்போவுக்கு பஸ்ஸில் வந்தார். விமலாவும் கூட வந்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பவளம் பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்தார்.

"சூரத் வந்திருக்கு ஐயா. என்னா போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

ஒன்று டாக்டர் கொடுத்தது. இடையில் பவளம் தானே பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போயிருந்தார். அங்கிருந்த டாக்டரம்மா ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். தொண்டையில் வரும் ஒரு கிருமிக் காய்ச்சல், சில பிள்ளைகளுக்குப் பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்கும். சிலருக்கு மூளையையும் தாக்கும். கை கால் தானாக ஆடும், மனநிலை மாறும், தூக்கத்தில் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் சில மாதங்களில் அடங்கும். ஆனால் காய்ச்சல் திரும்பவும் வரக் கூடாது, வந்தால் இதயம் கெடும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, இருபது வயது தாண்டும் வரை. தோட்டத்து டிரெசரே போடலாம்.

இன்னொரு தாள் கம்பெனியிலிருந்து வந்தது. இது மனநோய், இன்சூரன்ஸில் சேராது, ஆகவே வாகனமும் ஊசியும் பிள்ளையை அழைத்துப் போகும் நாளுக்குச் சம்பளமும் தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வரியையும் வாசித்தேன். இது மனநோய்தான் என்பது அரசாங்க அலுவலகமே தயாரித்த படிவத்திலிருந்து தெளிவாகிறது. நகல் இணைக்கப்பட்டுள்ளது.

நகலைப் புரட்டினேன். என் கையெழுத்து.

"அப்ப ஊசி?" என்றார் பவளம். "ஊசி போட்ட வரைக்கும் நல்லா இருந்தாய்யா. கையி நின்னுச்சு, பள்ளிக்குப் போனா. மூனு வாரத்துக்கு ஒருக்கா நான் வேலய விட்டுட்டு ஈப்போ வர முடியல. ரெண்டு ஊசி விட்டுப்போச்சு. மறுபடியும் தொண்ட நோவுன்னா. இப்பப் பாருங்க."

விமலாவின் தோள் மேலே போய் இறங்கியது.

"அந்தப் படிவம்னு சொன்னீங்களே, யாருய்யா அப்புடி எழுதுனது?"

பெஞ்சில் இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "தோட்டத்துல எடுத்த போரம், அம்மா," என்று மட்டும் சொன்னேன். அன்று மழையில் மேசையில் குனிந்து எழுதியவன் நான்தான் என்பது அவருக்கு நினைவில்லை; அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

என்சிக் ஜமாலுடின் இரண்டு தாள்களையும் இரண்டு தடவை வாசித்தார். நகலில் விரலை வைத்தார்.

"அவர் இந்தச் சொல்லைத்தான் சொன்னாரா?"

"இல்லை, துவான். கிறுக்குப் பிடித்த மாதிரி என்றார். மாதிரி. தொண்டைக் காய்ச்சலைச் சொன்னார். தூக்கத்தில் அடங்குகிறது என்றும் சொன்னார்."

"ஞாபகத்திலிருந்து சொல்கிறாயா?"

"நோட்டு இருக்கிறது."

எடுத்து வந்தேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். மழைத்துளி பட்டு ஒரு மூலையில் மை பரவியிருந்தது. வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"வாசித்துக் காட்டினாயா?"

"இல்லை."

அவர் பென்சிலை மேசையில் வைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. வழியை மட்டும் சொன்னார். விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம், கம்பெனியையும் இன்சூரன்ஸ்காரர்களையும் அழைக்கலாம். ஆனால் இந்த நோட்டு சாட்சியமாக வர வேண்டுமென்றால் நான் சாட்சி. சாட்சியாக இருப்பவன் மொழிபெயர்க்க முடியாது. வேறு ஆளைத் தெலுக் இந்தானிலிருந்து வரவழைக்க வேண்டும், ஏன் என்று மேலே எழுத வேண்டும். அது என் சேவைக் குறிப்பில் ஏறும். அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது, அவருக்கும் அது தெரியும்.

"நாளைக்குச் சொல்," என்றார்.

"இப்போதே சொல்கிறேன், துவான். நான் சாட்சியாக வருகிறேன். அந்த அம்மா வெளியே உட்கார்ந்திருக்கிறார்."

தைரியத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாளைக்கு என்று வீட்டுக்குப் போயிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். என் மனைவிக்கு அப்போது மூன்றாவது குழந்தை வயிற்றில்.

விசாரணை ஆறு வாரம் கழித்து நடந்தது. அந்த ஆறு வாரமும் என்சிக் ஜமாலுடின் சொல்லி, தோட்டத்து டிரெசர் தன் பொறுப்பில் இரண்டு ஊசி போட்டார். கம்பெனி சார்பில் உதவி மேனேஜர் வந்தார். இன்சூரன்ஸ் சார்பில் மிஸ்டர் வோங் என்றொருவர். கண்ணியமான மனிதர், எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். தெலுக் இந்தானிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் என்னைவிட இளையவர். அன்று ஆறு நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் தொழிலாளிகள் வழக்கமாக உட்காரும் பக்கத்தில், பவளத்துக்கு அருகில் உட்கார்ந்தேன். விமலா திறந்த கதவருகே பெஞ்சில் இருந்தாள்.

நோட்டை வாசித்தேன். நடந்ததைச் சொன்னேன். அது எழுதப்பட்டது. பிறகு அந்த இளையவர், நான் மலாயிலேயே சொல்லியிருந்தும், விதி விதிதான் என்று அதை எனக்குத் தமிழில் வரி வரியாக வாசித்துக் காட்டினார். "படிவத்தை அவருக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. இதுதானே சொன்னீங்க?" என்றார். ஆமாம் என்றேன். பவளம் திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு யார் எழுதியது என்று தெரிந்தது.

என் சாட்சியத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். மனநோய் என்ற சொல் தவறு, இது நரம்பு சம்பந்தப்பட்ட நோய், டாக்டர் கடிதம் இருக்கிறது, அவ்வளவுதானே. மிஸ்டர் வோங் இன்சூரன்ஸ் தாளை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என்சிக் ஜமாலுடினிடம் காட்டினார். மனநோய் என்பதோடு அந்த வரி முடியவில்லை. மனநோய் அல்லது நரம்புநோய் என்று இருந்தது. கம்பெனி கடிதம் முதல் பாதியைத்தான் எடுத்துப் போட்டிருந்தது. நாங்கள் யாரும் முழு வரியைப் பார்க்கவில்லை.

"சொல் எதுவானாலும் எங்களுக்கு ஒன்றுதான்," என்றார் மிஸ்டர் வோங். வருத்தத்தோடுதான் சொன்னார். "ஆஸ்பத்திரியில் இந்தப் பிள்ளைக்கு ஆட்டம் அடங்கக் கொடுத்த மாத்திரை மனநோயாளிகளுக்குக் கொடுக்கும் மாத்திரை. தாயாரிடம் ஒன்று கேட்கலாமா? பிள்ளை காரணமில்லாமல் சிரிப்பதும் அழுவதும் உண்டா?"

இல்லை என்று பவளம் சொல்ல வேண்டும் என்று நான் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தொண்டை, காய்ச்சல், இதயம், இதைப் பற்றி மட்டும் பேசினால் போதும். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

"ஆமா," என்றார் பவளம். "சிரிக்கிறா, அழுவுறா. செலநேரம் கதவ சாத்திட்டாங்களான்னு பத்து தடவ எந்திரிச்சுப் பாக்குறா. முன்னயெல்லாம் அப்புடிக் கெடையாது. தலைக்குள்ளயும் நோவு இருக்குங்க, நான் இல்லன்னு சொல்லல."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். உதவி மேனேஜர் குறித்துக்கொண்டார்.

பவளம் நிறுத்தவில்லை. என்சிக் ஜமாலுடினைப் பார்த்துப் பேசினார்.

"தொரை, எம் புள்ள மரத்துலேர்ந்து விழுந்து கால ஒடிச்சிருந்தா வேன் குடுத்திருப்பாங்க. தலையும் அவளுதுதானுங்களே? பக்கத்து லயத்து வீட்டுல ஒரு பையன் இருக்கான், வலிப்பு. அவனுக்கும் இதே தாளத்தான் காட்டுனாங்களாம். காலுன்னா பாப்பாங்க, தலன்னா பாக்க மாட்டாங்கன்னா, அது என்னா வைத்தியங்க?"

அந்த இளையவர் இதை மொழிபெயர்க்க நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லையும் விடவில்லை, நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்று புரிந்தது. மனநோய் இல்லை என்று நிரூபித்து இந்த ஒரு பிள்ளையை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே எடுக்கத்தான் நான் வந்திருந்தேன். பட்டியலில் மிச்சம் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. கைநாட்டு வைக்கிற பவளத்துக்கு வந்தது.

என்சிக் ஜமாலுடின் சட்டப் புத்தகத்தை உதவி மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இங்கே என்ன எழுதியிருக்கிறது? வைத்தியம் என்று எழுதியிருக்கிறது. எந்த நோய் என்று எழுதியிருக்கிறதா?"

"இல்லை, துவான்."

"இன்சூரன்ஸ் நீங்கள் உங்கள் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. மிஸ்டர் வோங் கொடுக்கவில்லை என்றால் அது அவருக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம். அவர் விட்டதை நீங்கள் கொடுக்க வேண்டும்."

முடிவு பத்து நாளில் எழுத்தில் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரெசர் ஊசி போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்கு வேன் போக வேண்டும். அன்று பவளத்துக்குப் பெரட்டில் பேர் போட வேண்டும். கூடவே என்சிக் ஜமாலுடின் தலைமையகத்துக்கு ஏழு பக்கம் எழுதினார். சட்டக் கடமைக்காக எடுக்கப்படும் எந்த இன்சூரன்ஸிலும் பிள்ளைகளின் மூளை, மன நோய்களை விலக்கி வைக்க விடக் கூடாது என்று கேட்டிருந்தார். அதற்கு ஆதாரம் சேர்க்கும் வேலை என்னுடையது. அடுத்த நான்கைந்து ஆண்டு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அதைத் தனியாகக் கேட்டு எழுதினேன். வலிப்பு வந்த பிள்ளைகள், பேச்சு நின்றுபோன பிள்ளைகள், கட்டிலில் கட்டி வைக்கப்பட்ட ஒரு பெண். பாரிட் புந்தாரிலிருந்து சுங்காய் வரை ஒரு கோப்பு தடித்துக்கொண்டே போனது. ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்கினேன்.

நான் அங்கே இருந்தவரை நாங்கள் கேட்ட விதி வரவில்லை. விமலாவின் கம்பெனி மட்டும் மறு ஆண்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது, பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த வரியை எடுத்துவிட்டது. மிஸ்டர் வோங் ஒரு நகல் அனுப்பியிருந்தார். இன்னும் இரண்டு கம்பெனிகள் கேட்டதும் எடுத்தன. மற்றவர்களிடம் தனித்தனியாகச் சண்டை போட்டோம், பாதி ஜெயித்தோம். என்சிக் ஜமாலுடின் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார். எனக்குப் பதவி உயர்வு மூன்று ஆண்டு தள்ளிப் போனது. என் மனைவி அதை இன்றைக்கும் எப்போதாவது சொல்லிக் காட்டுவாள், தப்பில்லை.

விசாரணை முடிந்த அன்றைக்கே நான் பவளத்திடம் தனியாகப் பேசினேன். படிக்கட்டில் பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, அத எழுதுனது நான்தான். அன்னைக்குக் கேட்டப்ப சொல்லாம விட்டுட்டேன்."

"இப்பச் சொன்னீங்கல்ல," என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மறு செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டு ஊசி விட்டுப்போச்சுய்யா," என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை அவர்களோடு நடந்து போனேன்.

விமலாவின் ஆட்டம் அந்த ஆண்டே அடங்கியது. இதயத்தில் ஒரு சத்தம் மட்டும் தங்கிவிட்டது, பெரிதாகவில்லை. எண்பதுகளின் கடைசியில் அந்தத் தோட்டம் கை மாறியது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டம் போனதும் டிரெசரும் போனார், வேனும் போனது, நாங்கள் வாங்கிக் கொடுத்த முடிவும் அதோடு போனது. பவளம் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். மிச்ச ஊசிகளை விமலா அரசாங்கக் கிளினிக்கில் போட்டுக்கொண்டாள்.

பதினெட்டு வயதில் ஒரு நாள் அவள் தனியாக என் அலுவலகத்துக்கு வந்தாள். உயரமாக, இரட்டைப் பின்னலோடு. பெயர் சொல்லும்வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு ஃபேக்டரி வேலைக்கான விண்ணப்பம். அதில் ஒரு கேள்வி, மனநோய் அல்லது நரம்புநோய் எப்போதாவது இருந்ததுண்டா. டாக்டரம்மாவின் பழைய கடிதம் வெள்ளத்தில் நனைந்து போய்விட்டது, ஆபீஸ் கோப்பிலிருந்து ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தாள்.

நகல் எடுத்துக் கொடுத்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, படிவங்களோடு இருபது வருடம் பழகிய ஆள் என்ற முறையில் சொன்னேன்.

"அம்மாடி, இல்லன்னு போட்ரு. எட்டு வருசம் ஆச்சு. யாரு போயிப் பாக்கப் போறா?"

"அம்மா அன்னைக்கு எல்லார் முன்னாலயும் ஆமான்னுதான சொன்னாங்க, அங்கிள்," என்றாள். "நானும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்."

என் மேசையிலேயே உட்கார்ந்து, உண்டு என்று எழுதினாள். என்ன நோய், எத்தனை வயதில், எவ்வளவு நாள் ஊசி என்று கீழே சின்ன எழுத்தில், நல்ல மலாயில் எழுதினாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அடுத்ததும் கிடைக்கவில்லை. இரண்டிலும் உண்டு என்றுதான் எழுதினாளாம். மூன்றாவதாகப் போனது ஜெலாப்பாங் பக்கத்தில் ஒரு தையல் ஃபேக்டரி. அங்கிருந்த சீன சூப்பர்வைசர் அம்மா தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்திருக்கிறார். அந்த வரியில் கொஞ்சம் நின்றிருக்கிறார். பிறகு தலையைத் தூக்கி, மூன்று வாரத்துக்கு ஒருக்கா ஊசி எந்தக் கிழமை என்று கேட்டு, அதைத் தன் காலண்டரில் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டாராம்.